வாட்ஸ்அப் இருக்க ஹாம் வானொலி எதற்கு?

கைப்பேசி இருக்கும்போது, உரிமம் பெற்ற தனிநபர்கள் இயக்கும் ஹாம் வானொலியில் எழுத்துச் செய்தி அனுப்புவது வெறும் பொழுதுபோக்கு என்று வாதிடுவோர், 2015 டிசம்பரின் சென்னை வெள்ளத்தை மறந்துவிட்டார்கள். அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் புகுந்தபோது மின்சாரம் நின்றது, பல இடங்களில் கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. வாட்ஸ்அப்புக்குக் கோபுரமும் இணையமும் வேண்டும். ஹாம் வானொலியில் எழுத்துச் செய்தி அனுப்பும் முறையான ஏபிஆர்எஸ்ஸுக்கு ஒரு கைக்கருவியும், உயரமான மாடியில் பேட்டரியில் இயங்கி, வாங்கியதை மறுபடி அனுப்பும் ஒரு நிலையமும் போதும். ஒரு செய்திக்கு 67 ஆங்கில எழுத்துகளே இடம். முகவரியும் தேவையும் அதில் அடங்கிவிடும்.

சரி, வாயால் சொன்னால் போதாதா? இரைச்சலில் மருந்தின் பெயரும் கதவு எண்ணும் தவறாகக் கேட்கும், ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். எழுத்துச் செய்தியோ நொடியில் போய்விடும். வழியில் சிதைந்தால் பெறும் கருவியே அதை நிராகரிக்கும், சரியாகச் சேர்ந்தால் ஒப்புகை திரும்பி வரும். ஹாம் வானொலியில் மறைகுறியாக்கம் கூடாது என்பது விதி, ஆகவே அந்தரங்கம் இல்லை என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் ‘மூன்றாம் மாடி, ஐந்து பேர், இன்சுலின் தேவை’ என்பதைப் பெயரில்லாமலே அனுப்பலாம். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மாடிகளில் செய்தியை மறுபடி அனுப்பும் இந்த நிலையங்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நிறுவி, உரிமம் பெற்றவர்களைக் கொண்டு ஒத்திகை பார்க்க வேண்டும்.