கருக்கலைப்பு: நமது எழுத்தாளர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள்?

நமது சிறுகதைகளில் கருவைக் கலைத்த பெண் பிழைப்பதே இல்லை. கடைசிப் பந்தியில் உதிரம் பெருகும், வாசலில் சந்தூக் வந்து நிற்கும், கதாசிரியர் கைகழுவிக்கொள்வார். அவளுக்கு உள்ளே என்ன நடந்தது என்று ஒரு வரி கிடையாது. (சுகாதாரப் பாடத்தில் இனப்பெருக்கம் வந்தால் 'வீட்டில் வாசியுங்கள்' என்று கடந்துபோகும் எங்கள் ஆசிரிய வர்க்கமும் இதில் பங்காளிதான்.)

ஆரம்ப மாதங்களில், பயிற்சி பெற்றவர் சுத்தமான கருவியால் உறிஞ்சி எடுத்தால் பெருஞ்சிக்கல் மிக அரிது. கூரான கரண்டியால் சுரண்டும் பழைய முறையில் அது இரண்டு மூன்று மடங்கு என்று சொல்லி, அதைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனமே கேட்டுவிட்டது. பயிற்சியற்ற கையில் அக்கரண்டி கருப்பையைத் துளைக்கும், குடலும் காயப்படலாம். கருவின் துணுக்குகள் உள்ளே தங்கினால் உதிரம் நிற்காது, கிருமி தொற்றும். கிருமி இரத்தத்தில் கலந்தால் சிறுநீரகமும் செயலிழக்கும். பிழைத்தாலும் கருப்பைச் சுவர்கள் ஒட்டிக்கொண்டு, பின்னர் பிள்ளை தங்காமல் போவதுண்டு. பெரும்பாலானவை நேரத்துக்கு வைத்தியசாலை போனால் குணமாக்கக்கூடியவை.

நேரத்துக்கு எப்படிப் போவாள்? கொழும்புக்குக் கண் காட்டப் போவதாகச் சொல்லி வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு லொட்ஜில் தங்கி, யாரோ சொன்ன இடத்துக்குப் போய்விட்டு இரவு பஸ்ஸில் ஊர் திரும்புகிறாள். காய்ச்சல் மூன்றாம் நாள், ஊரில் தொடங்குகிறது. வாய் திறந்தால் பொலிஸ் என்ற பயம். கதைகளில் வரும் 'ஏமாந்த குமரி' அல்ல இவள். இந்நாட்டு ஆய்வுகள் காட்டுவது, பெரும்பாலோர் பிள்ளை பெற்ற குடும்பப் பெண்கள் என்பதை.

பயத்துக்குக் காரணம் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காக்க அன்றி வேறெதற்கும் அனுமதியில்லை; 3 ஆண்டுவரை சிறை, கரு அசையத் தொடங்கியபின் 7 ஆண்டுவரை. தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் அதுவே. வெள்ளைக்காரன் தன் நாட்டில் 1967இல் தளர்த்திக்கொண்டான், இந்தியா 1971இல். இங்கே 1995இல் பாராளுமன்றத்துக்கு வந்த திருத்தம் கைவிடப்பட்டது. வன்புணர்வு, பிழைக்க வழியில்லாத சிசுவின் ஊனம் ஆகியவற்றுக்காவது விலக்களிக்க 2017இல் அமைச்சரவை இணங்கியது. சமயத் தலைமைகள் எதிர்த்ததும் அதுவும் கிடப்பில் போயிற்று.

கத்தோலிக்க ஆயர்கள் எதிர்ப்பது அவர்களுடைய கோட்பாட்டுக்குப் பொருந்தும். நமக்கு என்ன வந்தது? 120 நாளுக்கு முன், பின் என்று நமது பிக்ஹ் நூல்களில் நூற்றாண்டுக்கணக்கான விவாதம் உண்டு. கடுமையான ஊனமுள்ள கருவை, நிபுணர் குழு உறுதிசெய்தால், 120 நாளுக்குள் கலைக்கலாம் என்று மக்காவின் பிக்ஹ் சபை 1990இலேயே தீர்மானித்தது. எத்தனை மிம்பர்களில் இது ஒலித்தது? ஹராம் என்ற ஒற்றைச் சொல்லோடு குத்பா முடிந்துவிடுகிறது. கதாசிரியரும் அங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்.

கலைத்தபின் வரும் சிக்கலுக்கு அரச வைத்தியசாலையில் சிகிச்சை பெறச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. அடுத்த கதையில் அவளைக் கொல்லாதீர்கள். மூன்றாம் நாள் காய்ச்சலோடு த்ரீவீலரில் ஏற்றி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வாட்டில் வைத்தியர் கேட்கும் முதல் கேள்விக்கு அவள் உண்மை சொல்வாளா, பக்கத்தில் நிற்கும் மாமியைப் பார்த்துப் பொய் சொல்வாளா என்பதை எழுதுங்கள்.