பொன் கழுத்து சொன்ன பொய்

பெரு நாட்டில், ஆண்டீஸ் மலைத்தொடரின் கிழக்கு விளிம்பில் மழைக்காடு போர்த்திய மலைமேடு கார்டியெரா அஸுல் தேசியப் பூங்கா. 2013இல் அங்கு ஆய்வுக்குச் சென்ற சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் பறவையியல் நிபுணர் ஜான் பேட்ஸை ஒரு ஹம்மிங் பறவை திகைக்க வைத்தது. தகதகக்கும் பொன்னிறக் கழுத்து. அவருக்குத் தெரிந்த எந்த இனத்துடனும் பொருந்தவில்லை. புதிய இனம்தான் என்று நினைத்தார்.

நம் தோட்டத்துச் செம்பருத்தியைச் சுற்றும் தேன்சிட்டை ஹம்மிங் பறவை என்று சொல்பவர்கள் உண்டு. அது வேறு குடும்பம். அசல் ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. சுமார் 360 இனங்கள். அரையிருட்டுக் காட்டில் கண்ணிமைப்பதற்குள் மறைந்துவிடும் இவற்றை அடையாளம் காண அலகு, வால், கழுத்தின் மினுமினுப்பு ஆகியவைதான் துணை.

டி.என்.ஏ. சோதனை முதல் அதிர்ச்சியைத் தந்தது. தாய்வழியே மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., ஹீலியோடாக்ஸா பிரானிக்கியை என்ற ஏற்கெனவே அறிந்த இனத்துடன் அப்படியே ஒத்துப்போனது. ஆனால் அந்த இனத்தின் கழுத்து ரோஜா நிறம். பின்னர் செல் உட்கருவின் டி.என்.ஏ.வையும் ஆராய்ந்தபோது குட்டு வெளிப்பட்டது. மூதாதையரில் ஒன்று, ஹீலியோடாக்ஸா குலாரிஸ் என்ற மற்றோர் இனத்துடன் நேர்ந்த கலப்பில் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், குலாரிஸின் கழுத்தும் ரோஜா நிறமே.

இரண்டு ரோஜா சேர்ந்தால் பொன் எப்படி வரும்? சாயமாக இருந்தால் வராது. ஹம்மிங் பறவையின் மினுமினுப்பு, இறகுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் நுண்ணிய மெலனின் தட்டுகளிலும் அவற்றுக்குள் உள்ள காற்றுக் குமிழ்களிலும் ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாவது. அடுக்கின் தடிமன் இம்மி மாறினாலும் நிறம் மாறிவிடும். இரு இனங்களும் ஒரே ரோஜா நிறத்தை வெவ்வேறு பக்குவத்தில் தயாரிக்கின்றன. பக்குவங்கள் கலந்தபோது பொன் பிறந்தது. 2023இல் இந்த முடிவு வெளியானது.

இந்தப் பொறுமை எப்போதும் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பி அலங்காரத்துக்காக ஹம்மிங் பறவைத் தோல்கள் கப்பல் கப்பலாகப் போயின. அவற்றிலிருந்து ஒற்றைத் தோலை எடுத்துப் பெயர் சூட்டப்பட்ட பல ‘இனங்கள்’ கலப்புப் பறவைகள் என்று பின்னர் தெரிந்தது. இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. எந்தக் காட்டைக் காப்பது, எங்கே பணம் செலவிடுவது என்பதை முடிவு செய்ய உதவுவது இனப் பட்டியல். இல்லாத இனம் பட்டியலில் ஏறினால், இருக்கும் இனத்துக்கான கவனம்தான் குறையும்.

பேட்ஸுக்குப் புதிய இனம் கிடைக்கவில்லை. ஆனால் கழுத்தை மட்டும் பார்த்து இனத்தைச் சொல்ல முடியாது என்பதற்குச் சாட்சி கிடைத்தது.