மூணு மில்லி

நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். இந்த வசனம் கட்டாயம் காதில் விழும்.

"ஏனுங்க, ராத்திரி பூரா ஓட்டுனதுல இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க. அந்த மாத்திரை ரெண்டு குடுங்க."

"எந்த மாத்திரைங்ணா?"

"அதானுங்க... போட்டா டக்குனு கேக்குமே, அது!"

லாரி டிரைவர் என்றில்லை. சேலத்தில் எட்டு மணி நேரம் நாற்காலியைத் தேய்க்கும் ஆபீஸ்காரருக்கும் 'அது'தான். பெரும்பாலும் 'அது'வின் பெயர் டைக்ளோஃபினாக்.

மாப்பிள்ளைக்கு விசாரிப்பது போல இதற்கும் குலம் கோத்திரம் விசாரித்தால், குடும்பப் பெரியவர் பினைல் அசிட்டிக் அமிலம் என்று தெரியவரும். வெள்ளை வெளேரென்ற படிகம். துளியூண்டு இருந்தால் தேன் வாசனை, சென்ட்டில் சேர்ப்பார்கள். கூடினால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். பெரியவர் பரோபகாரி. பெனிசிலின் பூஞ்சைக்கு இவரைத் தீனியோடு கலந்தால் பெனிசிலின்-ஜி கூடுதலாகக் கிடைக்கும் என்று 1940களில் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் அம்மோனியா ஏறும் பிறவிக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு இவருடைய சோடிய உப்பு மருந்து. உடம்பிலுள்ள குளூட்டமினைக் கையோடு இழுத்துக்கொண்டு சிறுநீர் வழியாக வெளியேறிவிடும். வேண்டாத நைட்ரஜனும் அதோடு ஒழிந்தது.

இந்தக் குடும்பத்திலிருந்து 1970களில் சந்தைக்கு வந்த பிள்ளைதான் டைக்ளோஃபினாக். பிறந்த வீடு சுவிட்சர்லாந்தின் சிபா-கைகி கம்பெனி. வலி போனது. கூடவே இன்னொன்றும் போனது: பிணந்தின்னிக் கழுகு.

மாட்டுக்குக் காய்ச்சல், மடிவீக்கம், நொண்டல் எதுவானாலும் இந்த ஊசியைப் போட்டார்கள். அந்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி படிந்து, சில நாளில் சாவு. பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழு 2004ல் 'நேச்சர்' இதழில் எழுதும் வரை காரணம் பிடிபடவில்லை. இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுக் கழுகில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. ராவணனையே எதிர்த்த சடாயுவின் வம்சம், ஊசியிடம் தோற்றது! தமிழ்நாட்டில் இப்போது பார்க்க வேண்டுமானால் முதுமலை, மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும்.

2006ல் மாட்டுக்குத் தடை வந்தது. நம் ஆட்கள் விடுவார்களா? மனுஷ மருந்தாக விற்ற 30 மில்லி குப்பி நேராகத் தொழுவத்துக்குப் போனது. மனுஷனுக்கு ஒரு ஊசிக்கு 3 மில்லி போதும். முப்பது எந்த பீமசேனனுக்கு? 2015ல் மத்திய அரசு, 'இனி 3 மில்லிக்கு மேல் குப்பி கூடாது' என்றது. கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017ல் தள்ளுபடி. வக்காலத்து நாமா இல்லாமலே கழுகு ஜெயித்தது.

"கழுகுக்குத்தானே சார் ஆகாது, நமக்கென்ன?" என்கிறீர்களா? நம் உடம்பு சில மணி நேரத்தில் இதை வெளியேற்றிவிடும், நிஜம். ஆனால் தினமும் போட்டால் வயிற்றில் புண் வரலாம். 2013ல் ஐரோப்பிய மருந்து ஏஜென்ஸி, இதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கு இது கூடாது என்று எச்சரித்தது. சேலத்து வெயிலில், வண்டியை நிறுத்த வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் ஓட்டிக்கொண்டு, மேலே இதையும் போட்டால் கிட்னி பாடு திண்டாட்டம். பி.பி. மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வலி என்பது உடம்பு அடிக்கிற ஹாரன். ஒயரைப் பிடுங்கிவிட்டால் எதிரே வரும் வண்டி நின்றுவிடுமா?

நாமக்கல்லில் 1985லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பசு நொண்டினால் ஓட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுகிறோம். கழுகுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்தும் வந்தாயிற்று. மாட்டுக்கு டாக்டர் வேண்டும். மாட்டுக்காரருக்கு மட்டும் மெடிக்கல் ஷாப் தம்பி போதுமாக்கும்!