உறுத்தாத கட்டம்

ஸ்காட்லாந்தில் தனக்கென ஒரு டார்ட்டன் துணிக் கட்டத்தை யாரும் வடிவமைத்துப் பதியலாம். பரம்பரைக் குலப்பெயர் வேண்டியதில்லை. 2008இல் வந்த சட்டத்தின்படி 2009 முதல் அரசே அதற்கொரு பதிவேடு வைத்திருக்கிறது. ஆட்டிசம் விழிப்புணர்வுக்காக ஒருவர் தன் கட்டத்தை வரைவதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் சின்னத்தையும் நிறத்தையும் யார் தேர்ந்தெடுப்பது? ஆட்டிசத்தைக் குறிக்க 1963இல் பிரிட்டனில் பிறந்த புதிர்த்துண்டுச் சின்னம் தங்களைக் குறைபட்டவர்களாகக் காட்டுகிறது என்று ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் அதை ஏற்பதில்லை. வானவில் நிறத்து முடிவிலிக் குறியே அவர்களில் பலருக்குப் பிடித்தது. டார்ட்டனில் அந்தப் பன்மைக்கு இயல்பாகவே இடமுண்டு: பாவிலும் ஊடையிலும் ஒரே வரிசையில் நூல் ஓடுவதால், 6 நிறங்கள் போட்டால் அவை குறுக்கிடும் இடங்களில் 15 கலவை நிறங்கள் தாமாகவே தோன்றும்.

எனக்கு நிறத்தைவிடத் துணிதான் முக்கியம். ஆட்டிசம் உள்ள பலருக்குத் தொடுவுணர்வு மிகக் கூர்மை. சொரசொரப்பான கம்பளி மட்டுமல்ல, காலரில் தைத்த சிறு பட்டைகூட வேதனை தரும். அவர்களுக்கான கட்டத்தை முரட்டுக் கம்பளியில் நெய்யாதீர்கள். மென்மையான பருத்தியில் ஒரு முழம் நெய்து முதலில் அவர்கள் கையில் கொடுங்கள். உறுத்துகிறது என்றால் நூலை மாற்றுங்கள்.