பனிமலை உருகுவது எவர் கோபத்தால்?

சென்ற மாதம் ஒரு சிற்றூரில் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கும் சமயம் நம் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கப்பட்டது. அதில், "இமயமலைப் பனி உருகுகிறது என்கிறீர்கள். அது ஈசுவரனுடைய வாசஸ்தலம். கலி முற்றினால் உருகத்தானே செய்யும்? அதை ஆராய்ச்சி செய்து யாருக்கு என்ன லாபம்?" என்று எழுதியிருந்தது. நேரமாகிவிட்டபடியால் அன்று நாலு வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிட்டோம். ஆனால் அந்தச் சீட்டு இன்னும் நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. எழுதியவர் குதர்க்கத்துக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை. உள்ளபடியே நம்பிக் கேட்டிருக்கிறார். இப்படி நம்புகிறவர்கள் நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை அவரவர் பூசையறையோடு நின்றுவிடுமானால் நமக்கு இவ்வளவு கவலை இல்லை. அது ஆட்களின் உயிருக்கு உலை வைப்பதாயிருப்பதால்தான் விரிவாகப் பதில் எழுத வேண்டியதாயிருக்கிறது.

முதலில் நடந்த சங்கதியைப் பார்ப்போம். கேதார்நாத் என்பது சுமார் 3,580 மீட்டர் உயரத்தில் மந்தாகினி நதிக் கரையிலுள்ள ஸ்தலம். அதற்கு மேலே சோராபாரி என்றொரு பனியாறு இருக்கிறது. அந்தப் பனியாறு காலாகாலமாகத் தள்ளிக்கொண்டு வந்து போட்ட கல்லும் மண்ணுமே கரையாக, அதன் ஓரத்தில் ஓர் ஏரி இருந்தது. 2013 ஜூன் 15ஆம் தேதி மாலை முதல் 16ஆம் தேதி மாலை வரை 24 மணி நேரத்தில் அங்கே 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இதை யாரும் ஞானதிருஷ்டியால் கண்டு சொல்லவில்லை. டேராடூனிலுள்ள வாடியா இமாலய நிலவியல் ஆராய்ச்சி நிலையத்தார் அந்தப் பனியாற்றின் அருகில் வைத்திருந்த மழைமானி சொல்லிற்று. அந்த மழையும், அதனால் உருகிய பனியும் சேர்ந்து ஏரியை நிரப்ப, 17ஆம் தேதி காலையில் கரை உடைந்து, ஏரி முழுவதும் சில நிமிஷங்களில் ஊரின் மேல் பாய்ந்தது. அந்த ஜூன் மாத வெள்ளத்தில் உத்தரகண்ட் மாகாணம் முழுவதிலுமாக இறந்தவர்களும் காணாமற் போனவர்களும் ஐயாயிரத்துக்கு மேல்.

இதற்கு வைதீகர்கள் சொன்ன காரணம் என்ன? கட்வாலிலுள்ள ஸ்ரீநகரில், மின்சார அணை வேலைக்காக தாரி தேவி என்ற அம்மன் விக்கிரகத்தை ஜூன் 16ஆம் தேதி மாலையில் இடம்விட்டு எடுத்தார்களாம். அந்தக் கோபத்தால் அம்மன் வெள்ளத்தை ஏவினாளாம். அரசியல்வாதிகள் சிலரும் இதை வெட்கமின்றிப் பேசினார்கள். தேதியைச் சற்று ஒத்துப் பாருங்கள். விக்கிரகத்தைத் தூக்கியது 16ஆம் தேதி மாலை. மழை கொட்ட ஆரம்பித்ததோ அதற்கு முந்திய நாள். குற்றம் நடப்பதற்கு ஒரு நாள் முந்தியே தண்டனை கொடுக்கும் நீதிபதியை நம் தாலுக்கா கச்சேரியில்கூட நாம் பார்த்ததில்லை. அன்றியும், விக்கிரகத்தை எடுத்தவர்களை விட்டுவிட்டு, கும்பிட வந்த கிழவன் கிழவிகளையும், அவர்களைச் சுமந்து பிழைக்கும் மட்டக்குதிரைக்காரர்களையும், கைக்குழந்தைகளையும் கொல்லுகிற கோபம் எந்த ஜாதிக் கோபம் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை.

இன்னொரு அற்புதமும் சொல்லுகிறார்கள். வெள்ளத்தோடு உருண்டு வந்த ஒரு பெரும்பாறை கோயிலுக்குப் பின்புறம் நின்று தண்ணீரை இரண்டாகப் பிரித்ததால் கோயில் தப்பிற்று என்று சொல்லி, அந்தப் பாறைக்கும் பீமசிலை என்று பெயரிட்டுப் பூசை போடுகிறார்கள். பாறை வந்ததும் உண்மை; நின்றதும் உண்மை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். கற்கட்டடம் ஒன்றைக் காப்பாற்ற ஒரு பாறையை அனுப்பத் தெரிந்த தெய்வத்துக்கு, அந்தக் கட்டடத்தை நம்பி வந்த ஆயிரக்கணக்கான ஜனங்களைக் காப்பாற்ற இன்னொரு பாறை அகப்படவில்லையா? இதற்குப் பதில் சொல்லாமல் உண்டியலை மட்டும் திரும்பவும் திறந்துவைத்தார்கள். 2023ஆம் ஆண்டில் அதே மலைக்குப் போனவர்கள் 19 லட்சத்துக்கு மேல்.

நிற்க, பனியாறு என்பது என்ன என்று பார்ப்போம். உயர்ந்த மலையில் விழுகிற பனி வருஷா வருஷம் ஒன்றின் மேல் ஒன்றாக அழுந்திக் கட்டியாகித் தன் பாரத்தாலேயே மெள்ள மெள்ளக் கீழே நகருகிறது. மேலே பனி விழுவது வரவு. கீழே உருகுவது செலவு. வரவுக்கு மேல் செலவு செய்கிற குடும்பம் எப்படி நொடிக்குமோ அப்படியே பனியாறும் நொடிக்கும். இந்தக் கணக்கைப் பார்ப்பதற்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர். ஹிமாச்சலப் பிரதேசத்தில் சோட்டா ஷிக்ரி என்ற பனியாற்றில் 2002 முதல் இந்தக் கணக்கு எடுக்கப்பட்டு வருகிறது. பனிக்கட்டியில் துளையிட்டுக் குச்சிகளை நட்டுவிட்டு வருகிறார்கள். மறுபடி போகும்போது குச்சி எத்தனை முழம் வெளியே தெரிகிறதோ அத்தனை முழம் பனி கரைந்துவிட்டது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. குளிரில் விரல் விறைக்க, மூச்சு முட்ட மலையேறிச் சென்று குச்சியை அளந்து, உள்ளதை உள்ளபடி எழுதுகிற யோக்கியதைதான் வேண்டும்.

பாகீரதி நதி புறப்படும் கோமுகத்தைப் பாருங்கள். அது கங்கோத்ரி பனியாற்றின் வாய். 1935இல் ஆடன் என்ற நிலவியல் துறைக்காரர் அந்த வாய் எங்கே இருக்கிறது என்று அளந்து படம் வரைந்து வைத்தார். அன்று முதல் இன்று வரை அது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிப் போயிருக்கிறது. அநாதியானது, அசையாதது என்று புராணிகர் சொல்லும் புண்ணிய ஸ்தலமே நம் தாத்தா காலத்தில் இருந்த இடத்தில் இன்று இல்லை! போகும் வழியிலுள்ள போஜ்வாசாவுக்கு அந்தப் பெயர் வந்ததே போஜ மரங்களால்தான். அந்த மரப் பட்டையில்தான் அக்காலத்து ஏடுகளை எழுதினார்கள். அங்கே அந்தக் காடு இன்று அநேகமாக இல்லை. யாத்திரைக்காரர் கூட்டத்துக்கு வெந்நீர் வைக்கவும் குளிர்காயவும் வெட்டி எரித்தது போதாதா? புண்ணியம் தேடப் போனவர்கள் புண்ணிய மலையை மொட்டையடித்துவிட்டு வந்தார்கள். பிறகு 2008 முதல் கோமுகத்துக்கு ஒரு நாளைக்கு 150 பேருக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

ஒரு மலையின் கதை மட்டுமல்ல இது. முன்னொரு காலத்தில் அமெரிக்கா பகை நாடுகளை வேவு பார்க்க வானத்திலிருந்து எடுத்த படங்களையும், பிற்காலத்துப் படங்களையும் ஒத்துப் பார்த்து 2019இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1975 முதல் 2000 வரை இமயப் பனியாறுகள் இளைத்த வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் 2000க்குப் பிறகு இளைத்து வருகின்றன என்பது அந்தக் கணக்கு. காத்மாண்டுவிலுள்ள சர்வதேச மலை ஆராய்ச்சி மையத்தார் 2023இல் வெளியிட்ட அறிக்கையோ, 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டில் அதற்கு முந்திய பத்தாண்டைவிட நூற்றுக்கு 65 பங்கு அதிக வேகத்தில் பனி கரைந்தது என்றும், உலகம் இப்படியே போனால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் நூற்றுக்கு 80 பங்கு வரையிலுங்கூடப் போய்விடலாம் என்றும் சொல்லுகிறது. பனி மேலே ஏற ஏற மரமும் செடியும் மிருகமும் மேலே ஏறுகின்றன. ஆனால் மலைக்கு ஓர் உச்சி உண்டல்லவா? அதற்குமேல் பனிச்சிறுத்தை எங்கே போகும்?

காரணம் என்ன? நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் உண்டாகும் கரியமிலவாயு உஷ்ணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1850களிலேயே சோதனை செய்து காட்டிவிட்டார்கள். யந்திரத் தொழில் பெருகுமுன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு இப்போது 420க்கு மேல் போய்விட்டது. இது போதாதென்று செங்கல் சூளையிலிருந்தும், டீசல் வண்டியிலிருந்தும், அடுப்பிலிருந்தும் புறப்படுகிற கரித்தூள் பனியின் மேல் படிகிறது. வெள்ளைத் துணி வெயிலைத் தள்ளும், கறுப்புத் துணி வெயிலை வாங்கும் என்பது வண்ணானுக்கும் தெரிந்த விஷயம். பனிக்கும் அதே நியாயந்தான். ஆகையால் சீட்டெழுதிய அன்பருக்கு நாம் சொல்லும் பதில்: பனி உருகுவது கலி முற்றியதால் அல்ல, கரி முற்றியதால்.

இங்கே வைதீகர்கள் ஓர் ஆட்சேபணை சொல்லுவார்கள். "உங்கள் விஞ்ஞானிகள் 2035க்குள் இமயப் பனியெல்லாம் போய்விடும் என்று சொல்லிப் பொய்யாகவில்லையா?" என்பார்கள். வாஸ்தவம். காலநிலை பற்றிய சர்வதேச அரசுக் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில் அப்படி ஒரு வாக்கியம் ஆதாரமின்றிப் புகுந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? பண்டாரங்களா, பஞ்சாங்கக்காரர்களா? வேறு விஞ்ஞானிகளே கண்டுபிடித்தார்கள். 2010 ஜனவரியில் அந்தக் குழுவே தவறென்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. மூவாயிரம் பக்கத்தில் ஒரு வரி தவறென்று தெரிந்ததும் உலகறிய ஒப்புக்கொள்ளுகிறது விஞ்ஞானம். மூவாயிரம் வருஷமாக ஒரு வரிகூடத் தவறில்லை என்று சாதிக்கிறது சாஸ்திரம். இரண்டில் எதை நம்பலாம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும். அதேபோல், பனியாறு போனால் கங்கையே வற்றிவிடும் என்று நம்மவர்களில் சிலர் பேசுவதும் சரியல்ல. சமவெளியில் ஓடும் கங்கைக்குப் பெரும்பாகம் பருவமழை நீரே. சிந்து நதிக்குத்தான் பனிநீர் மிகுதி. கோடையில் பனிநீரை நம்பிப் பயிரிடும் லடாக், லாஹூல் போன்ற மலைநாட்டுக் குடியானவனுக்கோ அதுவே உயிர். மெய்யைச் சொன்னாலே போதுமான பயம் இருக்கும்போது பொய்யைச் சேர்ப்பானேன்?

இனி, நம் பக்கத்திலேயே வளருகிற மற்றொரு மூடநம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் அதிகாரிகளும் குத்தகைக்காரர்களும் "கடவுள் செயல்" என்று கையை விரித்தார்கள். இப்போது "காலநிலை மாற்றம்" என்று கையை விரிக்கக் கற்றுக்கொண்டார்கள். 2021 பிப்ரவரி 7இல் சமோலி ஜில்லாவில் ரோண்டி சிகரத்திலிருந்து சுமார் 2 கோடியே 70 லட்சம் கனமீட்டர் பாறையும் பனிக்கட்டியும் சரிந்து விழுந்தது. 200 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளத்தாக்கில் கட்டிக்கொண்டிருந்த மின்சார நிலையங்களில் வேலை செய்த கூலிக்காரர்கள். மலை சரிந்தது இயற்கை. ஆபத்தென்று தெரிந்த ஓடையின் வாயில் சுரங்கம் குடைந்து, ஓர் எச்சரிக்கை மணிகூட வைக்காமல் ஏழைகளை உள்ளே அனுப்பியது எந்த இயற்கை? சிக்கிமில் தெற்கு லோனாக் என்ற பனி ஏரி உடையக்கூடும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் பல வருஷங்களாக எழுதி வந்தார்கள். எச்சரிக்கைக் கருவி வேலை முடிவதற்குள், 2023 அக்டோபர் 4ஆம் தேதி இரவில் ஏரி உடைந்து, சுங்தாங்கில் கட்டியிருந்த 1,200 மெகாவாட் மின்நிலையத்தின் அணையையே அடித்துக்கொண்டு போயிற்று. புத்தி சொன்னவனுடைய அறிக்கை அலமாரியில் தூங்கிற்று. ஜனங்கள் ஆற்றில் போனார்கள். இதற்கு "விதி" என்றாலும் "காலநிலை" என்றாலும் குற்றவாளி தப்பித்துக்கொள்ளுகிறான் என்பதே நமது புகார்.

மனிதனால் ஒன்றும் ஆகாதா? ஆகும். நேபாளத்தில் ட்சோ ரோல்பா என்ற பனி ஏரி உடையும் அபாயத்தில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் வாய்க்கால் வெட்டி மதகு வைத்து நீர்மட்டத்தை 3 மீட்டர் இறக்கினார்கள். எவரெஸ்ட் அருகிலுள்ள இம்ஜா ஏரியையும் 2016இல் அப்படியே இறக்கினார்கள். யாகமும் செய்யவில்லை, தேங்காயும் உடைக்கவில்லை, மண்வெட்டி பிடித்தார்கள். அங்கே கீழேயுள்ள கிராமத்தார் கொஞ்சமாவது கண்மூடித் தூங்கலாம்.

"ஆராய்ச்சியால் யாருக்கு என்ன லாபம்?" என்ற கேள்விக்கு இதுதான் விடை. சோராபாரிக்கு மேலே மழையை அளக்கத் தெரிந்த கருவி இருந்தது. கீழே இருந்த ஊருக்குச் செய்தி சொல்ல ஒரு ஏற்பாடு இல்லாமற் போயிற்று. ஒரு மலைப்பாதையை அகலமாக்க ஆகும் செலவில் சிறு பங்கை ஏரிகளை அளக்கவும், மணி கட்டவும், மலைவாசிகளுக்கு ஓடத் தெரியும்படி பழக்கவும் செலவிடச் சொல்லுங்கள். ஆபத்தான ஓடையில் கட்டடம் கட்டுகிறவனைத் தடுக்கச் சொல்லுங்கள். கரி எரிப்பதைக் குறைக்கச் சொல்லுங்கள்; அதிகம் எரித்த பணக்கார நாடுகளை முதலில் குறைக்கச் சொல்லுங்கள்.

அமர்நாத் குகையில் பனிலிங்கம் என்று கும்பிடுவது, கூரையிலிருந்து சொட்டும் நீர் உறைந்து நிற்கும் பனிக்கட்டியே. 2024இல் யாத்திரை ஆரம்பித்த சில நாட்களுக்குள்ளாகவே அது உருகிப் போய்விட்டது. தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத பனிக்கட்டி நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி இன்னும் எத்தனை காலம் மலையேறப் போகிறோம்? நம்மால் ஆகிற காரியம் அந்தப் பனியைக் காப்பாற்றுவதுதான். அதற்குக் கூப்பிய கை உதவாது. குச்சி நட்டு அளக்கிற கைதான் வேண்டும். சீட்டெழுதிய அன்பர் இதைப் படிப்பாரானால், அடுத்த கூட்டத்துக்கும் வரட்டும். இன்னொரு சீட்டும் எழுதட்டும். கேள்வி கேட்கிறவன் எவனோ அவனே நமக்குத் தோழன்.