ஈட்டும் முறையே முதல் அறம்

தொழில் நிறுவனங்கள் சுற்றுச்சூழலைக் காத்தல் என்றவுடன், மரக்கன்று நடும் விழாக்களே பலருக்கும் நினைவில் எழும். அவை வேண்டியவையே. ஆயினும், ஒரு நிறுவனம் ஈட்டிய பொருளை எவ்வாறு செலவிடுகிறது என்பதைவிட, அதனை எவ்வாறு ஈட்டியது என்பதே முதன்மையான வினாவாகும். திருப்பூரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு திருப்பூருடையது. பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு மிகுதியான நீரும் உப்பும் தேவை. சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ கழிவுநீருடன் வெளியேறும். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யலாற்றில் இக்கழிவுநீர் பல்லாண்டுகள் விடப்பட்டது. பாசனத்திற்காக 1992ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. கிணற்று நீர் உவர்த்தது, விளைநிலங்கள் பாழாயின. துணியின் விலையில் சேராத செலவை, அத்துணியால் ஊதியம் பெறாத உழவர்கள் சுமந்தனர்.

மாசுபடுத்துவோரே அதன் இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியை, பாலாற்றுப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு உறுதிசெய்தது. நொய்யல் உழவர்களும் நீதிமன்றத்தை நாடினர். 2011ஆம் ஆண்டு சனவரியில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். பின்னர், கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத முறையை ஏற்ற பட்டறைகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. இம்முறையில் கழிவுநீர் நுண்சவ்வுகளால் வடிகட்டப்படுகிறது. தூய்மையான நீர் மீண்டும் சாயமிடப் பயன்படுகிறது. எஞ்சும் உவர்நீரிலிருந்து உப்பும் மீட்கப்படுகிறது.

இம்முறையிலும் குறை உண்டு. மின்சாரம் மிகுதியாகச் செலவாகிறது. பயன்படாத கலப்பு உப்பும் குவிகிறது. எனவே, கழிவை உண்டாக்கிப் பின் தூய்மை செய்வதினும், நீரும் உப்பும் குறைவாக வேண்டும் முறைகளைத் தேர்வதே மேலானது.

செலவு கூடினால் தொழில் நலியும் என்பர் சிலர். அச்செலவு புதிதாகத் தோன்றியதன்று. முன்பு ஆறும் உழவரும் செலுத்தியதே. ஆயினும், ஒரு பட்டறை நெறியைப் பின்பற்ற, மற்றொன்று அதை மீறுமானால், நேர்மையானதே நலியும். ஆகவே, சட்டம் அனைவர்க்கும் ஒன்றாதல் வேண்டும். ஆடை வாங்கும் பெருநிறுவனங்களும் உரிய விலை தருதல் வேண்டும்.

குறிப்பிட்ட அளவைக் கடந்த நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடுதல் வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம். அது நன்றே. எனினும், ஓர் ஆற்றைக் கெடுத்து ஈட்டிய இலாபத்தில் எத்தனை மரங்களை நட்டாலும் அது ஈடாகாது. மிஞ்சிய 98 விழுக்காடும் தூய வழியில் வந்ததா என்பதே சுற்றுச்சூழல் காப்பின் உண்மையான அளவுகோல்.

சிந்திக்க:
1. துணியின் விலையில் சேராத செலவு எது? அதனைச் சுமந்தவர் யாவர்?
2. நீவிர் வாழும் ஊரில் உள்ள ஒரு தொழில், நீரை எவ்வாறு பயன்படுத்துகிறது? கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.