தண்டனை நீங்கியது, பணிப் பாதுகாப்பு?

புதுதில்லி: தன்பாலின உறவு குற்றமல்ல என 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜூலையில் பெங்களூரில், பாலினச் சிறுபான்மையினருக்கென வேலைவாய்ப்பு முகாமே நடைபெற்றது.

ஆனால், அத்தகைய முகாமில் பணி பெறும் சட்ட மாணவரை, தன்பாலின ஈர்ப்பாளர் என்பதற்காகத் தனியார் நிறுவனம் பின்னர் நீக்கினால்? திருநர்களுக்கெதிரான பாகுபாட்டைத் தடுக்க 2019-ல் தனிச் சட்டம் வந்தது. அதில் இவருக்கு இடமில்லை. வேலை விஷயத்தில் அரசியல் சாசனம் தரும் பாதுகாப்போ அரசுப் பணிகளுக்கே பொருந்தும்.

அரசும் அப்படியொன்றும் முன்மாதிரியாக நடந்துகொள்ளவில்லை. மூத்த வழக்கறிஞர் சௌரவ் கிர்பாலை தில்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்க 2021-ல் கொலீஜியம் பரிந்துரைத்தது. அவரது துணைவர் ஸ்விட்சர்லாந்து நாட்டவர் என்பதும், தமது பாலின நாட்டத்தை அவர் மறைக்காததும் ஆட்சேபங்களாக எழுப்பப்பட்டன. 2023 ஜனவரியில் கொலீஜியம் அவற்றை நிராகரித்துப் பரிந்துரையை வலியுறுத்தியது. அவ்வாண்டு முடியும்வரை நியமன ஆணை வரவில்லை.